பந்தி முடிந்ததும் தொடங்கும் கூத்து

செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு கல்யாண மகால் உண்டு. ஊர் உலகமெல்லாம் அதைப் பார்க்கத்தான் வருகிறது. வாருங்கள், நாம் ஊருக்குள் இருக்கும் கல்யாண மண்டபத்தின் கொல்லைப்புறத்துக்குப் போவோம்! முகூர்த்த நாள், கடைசிப் பந்தியும் எழுந்தாயிற்று. மீந்த சோறும் சாம்பாரும் நீல டிரம்மில் விழுகின்றன. மேலே இரண்டு முருங்கைக்காய்த் துண்டு மிதக்கிறது. மறுநாள் பாருங்கள், நுரை தள்ளிக் குமிழி விடும். அடியில், காற்றுப் படாத இடத்தில் கிளம்பும் குமிழியில் கொஞ்சம் ஹைட்ரஜனும் இருக்கலாம். ஆமாம், ராக்கெட்டில் எரிகிற அதே ஹைட்ரஜன்தான்!

கிளாஸ்ட்ரிடியம் என்றொரு பாக்டீரியா. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, சர்க்கரையை அமிலமாக்கித் தின்று தீர்க்கும். அப்போது கையில் மிஞ்சும் எலெக்ட்ரான்களைப் பக்கத்தில் கிடக்கும் புரோட்டான்களின் தலையில் கட்டிவிடும். அதுதான் ஹைட்ரஜன். பிறகு ஏன் நமக்குக் கிடைப்பதில்லை? உள்ளேயே திருடர்கள்! மீத்தேன் நுண்ணுயிரிகள் அதை வெளியே விடாமல் விழுங்கிவிடுகின்றன. நம் சாண எரிவாயுத் தொட்டியில் அன்றாடம் நடப்பது இதுவே.

திருடர்களை விரட்டும் வழிதான் எனக்குப் பிடித்த காட்சி. பாக்டீரியாக்கள் நிறைந்த சாணக் கரைசலைக் கொதிக்கக் காய்ச்சுகிறார்கள். மீத்தேன் கோஷ்டி அநேகமாகக் காலி. கிளாஸ்ட்ரிடியமோ கெட்டித் தோல் போர்த்திய வித்தாகிப் பதுங்கிக்கொள்ளும். ஆறவிட்டு, அரைத்த சோற்றுக் கூழில் ஊற்றினால், திரைக்குப் பின்னாலிருந்து கூத்து வேஷக்காரர் துள்ளி வருவதுபோல் எழுந்து வரும்! கூழின் பி.எச். 5.5 அளவில் புளிப்பாகவே இருக்க வேண்டும். தப்பித்த திருடருக்கு அந்தப் புளிப்பு ஆகாது. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கலாமா? கூடவே கூடாது. ஆக்சிஜன் பட்டால் ஹைட்ரஜனை உண்டாக்கும் என்சைம் படுத்துவிடும். மூக்குக்கும் நல்லதல்ல, பியூட்டிரிக் அமிலம் கெட்டுப்போன வெண்ணெயாக நாறும்.

இதெல்லாம் சோதனைக் குழாய்ச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். விழுப்புரம், பண்ருட்டி தாண்டினால் நெல்லிக்குப்பம். அங்கே ஈ.ஐ.டி. பாரி ஆலையில் சென்னை முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் 125 கன மீட்டர் கலம் வைத்து, வடிசாலைக் கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியது. ஒன்றேகால் லட்சம் லிட்டர் கொள்ளும் கலம்! உணவுக் கழிவிலிருந்தே எடுப்பதில் ஹைதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் எஸ். வெங்கட மோகன் குழு பேர் வாங்கியது.

சரி, கணக்கு? ஒரு கிலோ சோற்றிலிருந்து, பாக்டீரியா முழு மனசு வைத்தாலும், 14 கிராம் ஹைட்ரஜன்தான். நடப்பில் அதில் பாதி வந்தாலே கொண்டாட்டம். ஒரு கிலோ ஹைட்ரஜன் சேர 140 கிலோ சோறாவது வேண்டும். அதைக் கொண்டு ஹைட்ரஜன் காரில் திருவண்ணாமலை போய் செஞ்சி திரும்பிவிடலாம். அதற்கு முன் கூடவே வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்க வேண்டும், அதுவும் செலவுதான்.

நடப்பில் சர்க்கரையின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட ஹைட்ரஜனாக வருவதில்லை. மிச்சமெல்லாம் அமிலமாகக் கலத்திலேயே கிடக்கிறது. வீணாக்குவார்களா? அந்தக் கூழின் புளிப்பைத் தணித்து அடுத்த தொட்டிக்கு அனுப்பி, அமிலத்தை மீத்தேனாக்க, முதலில் காய்ச்சி விரட்டிய அதே மீத்தேன் கோஷ்டியை அங்கே மாலை மரியாதையோடு வரவேற்கிறார்கள்!