கீமோவுக்குப் பின் வரும் வாந்தி: மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் குடும்பங்களில் சிலர், "முதல் கீமோவோடு போதும் என்று அத்தா சொல்லிவிட்டார்" என்கிறார்கள். விசாரித்தால், நோயைவிட வாந்திதான் அவரை வாட்டியிருக்கும். அடக்கக்கூடிய ஒரு தொல்லைக்காகச் சிகிச்சையையே கைவிடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கீமோ மருந்து உடலில் சேர்ந்ததும் குடலில் உள்ள சில செல்கள் செரோடோனின் என்ற பொருளை வெளியிடுகின்றன. அது நரம்பு வழியே மூளையைத் தூண்டி வாந்தியை வரவழைக்கிறது. ஆகவே இது அஜீரணம் அல்ல. சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. எல்லா மருந்தும் ஒன்றுபோல் புரட்டுவதும் இல்லை. சிஸ்பிளாட்டின் கடுமையானது, வின்கிறிஸ்டினில் மிகக் குறைவு. பக்கத்து வீட்டாரின் கதையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

ஆண்டான்செட்ரான் செரோடோனினின் வேலையைத் தடுக்கிறது. அதோடு டெக்சாமெத்தசோனும், தேவைப்பட்டால் வேறு மருந்துகளும் சேர்ப்பார்கள். வந்தபின் அடக்குவதைவிட வராமல் தடுப்பது எளிது என்பதால் இவற்றைக் கீமோவுக்கு முன்பே கொடுக்கிறார்கள். முதல் நாள் நன்றாக இருந்தால் பல வீடுகளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிஸ்பிளாட்டின் போன்றவற்றில் 2ஆம், 3ஆம் நாள்தான் குமட்டல் வலுக்கும்! சீட்டில் எழுதிய நாள்வரை கொடுங்கள்.

சீட்டில் ஒலான்சபின் இருந்தால், "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கும் கொடுப்பார்கள், குறைந்த அளவில் குமட்டலுக்கும் நன்றாகக் கேட்கும். தூக்கம் வரும். டெக்சாமெத்தசோன் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டை வற்புறுத்தாதீர்கள். ஆறிய கஞ்சி, இட்லி, தயிர்சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கலாம். தாளிக்கும் வாசனையே சிலருக்குப் புரட்டும். அந்த நேரம் அவரை வாசல் பக்கம் உட்கார வையுங்கள்.

தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, வாந்தியில் ரத்தம், அல்லது 100.4 டிகிரி காய்ச்சல் என்றால், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி எந்த நாள், எத்தனை முறை வாந்தி வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து, அடுத்த கீமோவுக்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்து மருந்தை மாற்றிக் கொடுப்பார்.