விளக்கு சொல்வதும் காரணம் அறிவதும்

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகச் சிறுசேரிக்கு எம் சாண்ட் ஏற்றிவரும் சுமையுந்து ஒன்றை மனக்கண்ணில் காண்போம். பழைய மாமல்லபுரம் சாலையில் ஏறியதும் அதன் இழுவை குறைகிறது. ஓட்டுநரின் எதிரே எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பட்டறையில் பொருத்திய சோதனைக் கருவி, 'புகை அழுத்த உணரி' என்று பழுதின் பெயரைக் காட்டுகிறது. உடனே உணரியை மாற்றிவிடலாமா?

விடை காண, உணரியின் பணியை முதலில் அறிவோம். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளின் விளைவாக, டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி இடம்பெற்றது. புகையிலுள்ள கரித்துகள்கள் அதில் தங்குகின்றன. கரி சேரச் சேரப் புகை வெளியேறுவது கடினமாகும்; வடிகட்டிக்கு முன்னுள்ள அழுத்தம் பின்னுள்ளதைவிட மிகும். இரு சிறு குழாய்கள் வழியே இவ்வேறுபாட்டை அளந்து, மின் குறிப்பாக வண்டியின் கணினிக்கு அனுப்புவதே உணரியின் வேலை. வேறுபாடு மிகுந்தால், கணினி புகையின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்கு உயர்த்திக் கரியை எரிக்கச் செய்யும். அதுவும் பயன்தராவிடில், இயந்திரத்தைக் காக்க அதன் ஆற்றலைக் குறைக்கும்.

ஆகவே, விளக்கு எரிவதற்குக் காரணம் நான்கு இடங்களில் இருக்கலாம்: வடிகட்டி, சிறு குழாய்கள், மின்கம்பிகள், உணரி. தேர்ந்த மெக்கானிக் இவற்றை வரிசையாகச் சோதிப்பார்.

முதற்சோதனை மிக எளியது. இயந்திரத்தை இயக்காமல், சாவியை மட்டும் திருப்பி அளவைப் பார்க்க வேண்டும். புகை ஓட்டம் இல்லாதபோது வடிகட்டியின் இருபுறமும் வளிமண்டல அழுத்தமே நிலவும். வேறுபாடு சுழியாக இருத்தல் வேண்டும். அப்போதும் அழுத்தம் இருப்பதாகக் காட்டினால், அக்கூற்று பொய்.

பொய் எங்கே பிறந்தது? இரு குழாய்களையும் உணரியிலிருந்து கழற்றியதும் அளவு சுழிக்குத் திரும்பினால், குழாயில் நீரோ கரியோ அடைத்திருக்கிறது எனலாம். திரும்பாவிடில் மின்கம்பிகளை நோக்க வேண்டும். உணரிக்கு வரும் மின்னழுத்தம் பெரும்பாலும் 5 வோல்ட். அதுவும் புவி இணைப்பும் குறிப்புக் கம்பியும் சரியாக இருந்தும் அளவு பிழையானால், பழுது உணரியிலேயே உள்ளது. அதனை மாற்றிய பின், தேவையான வண்டிகளில் புதிய உணரியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும்.

சுழி காட்டுவதனாலேயே உணரி நல்லது என்று முடிவுசெய்துவிடலாகாது. இயந்திரத்தை இயக்கி வேகத்தைக் கூட்டும்போது அளவு உயர்ந்து, குறைக்கும்போது தாழ வேண்டும். அசையாமல் நின்றால் உணரி செயலிழந்திருக்கலாம். முன்குழாய் விரிசல் கண்டோ அடைபட்டோ இருக்கலாம். வேகத்திற்கேற்ப அசைந்து, வாகனக் கையேடு தரும் எல்லையையும் மீறினால், உணரி உண்மையையே கூறுகிறது, வடிகட்டிதான் நிறைந்திருக்கிறது. அந்நிலையில் உணரியை மாற்றுவது, காய்ச்சல் கண்டவருக்கு வெப்பமானியை மாற்றுவது போன்றதாகும். பணம் செலவாகும், நோய் நீங்காது.

இதனினும் தீயது ஒன்றுண்டு. விளக்கு எரியாதிருக்க வடிகட்டியையே அகற்றிவிட்டு, கணினியை ஏமாற்றுவது. வண்டி ஓடும், வாடகையும் கிடைக்கும். ஆனால் வடிகட்டி தடுத்துவந்த கரி, சாலையோரம் பேருந்துக்குக் காத்திருப்போரின் மூச்சில் கலக்கும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியுள்ளது.

நோயின் காரணத்தை ஆராய்ந்து அறிந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறி பட்டறைக்கும் உரியது. கருவி ஒரு பெயரைச் சுட்டும். அப்பெயருக்குப் பின்னுள்ள காரணத்தைச் சோதித்து அறிவது மனிதரின் கடமை.