சர்வர் பெட்டியின் மின்சாரத்தையும் அளந்து பார்ப்போம்

பில் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட காலம் இது. ஓரளவு பெரிய மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் சுவரில் ஓர் இரும்புப் பெட்டியை மாட்டி, சர்வர், நெட்வொர்க் சுவிட்ச், மோடம், கேமரா பதிவுக் கருவி எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிடுகிறோம். பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டால் பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பில் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் சட்டென்று நின்றால் கணக்குக் கோப்பு பழுதாகக்கூடும். வாடிக்கையாளர் பாக்கியும் அதில்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கச் சொல்கிறது.

அதற்காகத்தான் யு.பி.எஸ். வைக்கிறோம். மேலே 600 வி.ஏ. என்று போட்டிருந்தால் 600 வாட் தாங்கும் என்று எண்ணுபவர் பலர். அப்படியல்ல. சிறிய யு.பி.எஸ்.களில் பெரும்பாலானவை வி.ஏ. அளவில் 60 சதவீதத்தைத்தான் வாட்டாகத் தரும். அதாவது 360 வாட். அதிலும் 250 வாட்டுக்கு மேல் ஏற்றாமல் இருப்பதே நல்லது. மூட்டையில் 50 கிலோ என்று அச்சடித்திருந்தாலும் தராசில் ஏற்றாமல் நாம் கணக்கு எழுதுவதில்லை அல்லவா? பிளக்கில் செருகும் வாட் மீட்டர் மின்சாதனக் கடைகளில் கிடைக்கிறது. காலையில் சர்வரை இயக்கும் முன்பே அதை இணைத்துவிட்டு, மாலைக் கூட்டத்தில் எத்தனை வாட் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் சேர்க்கவே கூடாது. சூடேறும் கணத்தில் அது பலமாக இழுக்கும். பையன்கள் டீ கெட்டிலைச் செருகுவதும் உண்டு. அந்த ஸ்ட்ரிப்பில் காலித் துளையே இல்லாமல் பார்த்துக்கொள்வது உத்தமம்.

அடுத்தது பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது 84 வாட்-மணி. 200 வாட் சுமைக்கு ஏட்டுக் கணக்கில் 25 நிமிடம் வரும். வேகமாக இழுக்கும்போது பேட்டரி முழுதும் தராது, யு.பி.எஸ்.ஸிலும் கழிவு உண்டு. பத்து நிமிடம் நின்றாலே பெரிது. ஆகவே மின்சாரம் போனபின் வியாபாரத்தை நீட்டிக்க யு.பி.எஸ்.ஸை நம்பக் கூடாது. சர்வரை முறையாக நிறுத்துவதற்குத்தான் அந்த அவகாசம். பல யு.பி.எஸ்.களில் சர்வரோடு இணைக்க யு.எஸ்.பி. வசதி உண்டு. கம்பியை இணைத்து, அதற்குரிய மென்பொருளையும் போட்டுவிட்டால், பேட்டரி இறங்கும்போது சர்வர் தானாகவே ஒழுங்காக நின்றுவிடும். வசதி இருந்தும் கம்பியை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவைப்பது வீண்.

மாதம் ஒருமுறை, கடை அடைத்தபின் கணக்கைப் பிரதி எடுத்து, பில் மென்பொருளை மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துக் கடிகாரம் பாருங்கள். சென்ற மாதம் பத்து நிமிடம் நின்றது இந்த மாதம் நாலு நிமிடம் என்றால் பேட்டரி முடிந்தது. காற்றோட்டமில்லாத பெட்டியில் இது சீக்கிரமே நேரும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் யு.பி.எஸ்.ஸைப் பெட்டிக்கு வெளியே, எலி அண்டாத இடத்தில் வைப்பதே மேல். பழைய பேட்டரியை விற்றவரிடமே கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்.