வாதுமை நொதியும் சர்க்கரைச் சேர்மங்களும்

கசப்பு வாதுமைப் பருப்பை உலர்ந்த நிலையில் முகர்ந்தால் மணம் ஏதும் தோன்றுவதில்லை. நீர்விட்டு அரைத்துச் சிறிது நேரம் வைத்தால் அதன் தனி வாசனை எழுகிறது. இச்சிறு மாற்றத்தின் காரணத்தைத் தேடியவர்களே, தாவரங்கள் சர்க்கரையைப் பிற பொருள்களோடு பிணைத்து வைக்கும் முறையை நமக்கு விளக்கியவர்கள்.

1830இல் பிரெஞ்சு அறிஞர்களான ரொபிக்கேயும் புத்ரோன் ஷர்லாரும் அப்பருப்பிலிருந்து அமிக்டலின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். பருப்பிலுள்ள எமல்சின் என்னும் நொதி, அதனைக் குளுக்கோசாகவும் மணமுள்ள பென்சால்டிஹைடாகவும் கொடிய நஞ்சான ஹைட்ரஜன் சயனைடாகவும் உடைப்பதை 1837இல் ஜெர்மனியின் வோலரும் லீபிக்கும் காட்டினர். பருப்பினுள் நொதியும் அமிக்டலினும் தனித்தனியே இருக்கின்றன; அரைபடும்போதுதான் கலக்கின்றன. இனிப்பு வாதுமையிலும் எமல்சின் உண்டு. ஆனால் உடைபட வேண்டிய அமிக்டலின் அதில் மிகச் சொற்பம். ஆதலால்தான் நாம் அதனை அச்சமின்றி உண்கிறோம்.

இவ்வாறு சர்க்கரை பிணைந்த பொருள்களுக்குக் கிளைக்கோசைடுகள் என்று பெயர். வில்லோ மரப்பட்டையின் சாலிசினும், பச்சை வனிலாக் காயில் மணமின்றி உறங்கும் குளுக்கோவனிலினும் இவ்வகையினவே. சர்க்கரை சேர்ந்தால் பொருள் நீரில் எளிதாகக் கரையும்.

இப்பிணைப்பை ஆய்வுக்கூடத்தில் செய்வது எளிதன்று. குளுக்கோசில் ஏறக்குறைய ஒரே தன்மையுள்ள ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. நான்கை மூடி மறைத்து, ஒன்றில் மட்டும் வினையை நிகழ்த்தி, பின்னர் மூடியவற்றைத் திறந்தாக வேண்டும். நொதிக்கோ இத்தொல்லை இல்லை. எந்த இடத்தில், எந்தத் திசையில் இணைப்பது என்பதை அது தவறாமல் தெரிந்தெடுக்கிறது. எமல்சினின் இந்நுட்பத்தைக் கண்டே எமில் ஃபிஷர் 1894இல் பூட்டும் சாவியும் என்ற உவமையைக் கூறினார்.

உடைக்கும் நொதி இணைப்பது எங்ஙனம்? நீர் மிகுதியாக இருந்தால் வினை உடைப்பின் பக்கம் சாயும். நீரைக் குறைத்து ஆல்கஹாலை மிகுத்தால் அதே நொதி சர்க்கரையை அந்த ஆல்கஹாலோடு சேர்க்கும். பாரிசின் மருந்தியலாளர் எமில் பூர்க்லோ, பிரிடெலுடன் சேர்ந்து 1910களில் இவ்வழியே பல குளுக்கோசைடுகளை ஆக்கிக் காட்டினார். எனினும் ஒவ்வொரு பிணைப்பும் ஒரு நீர் மூலக்கூறை வெளிவிடுவதால் விளைச்சல் ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. பீனால் வகைப் பொருள்களோடு இணைப்பதும் இம்முறையில் கடினம்.

இக்குறையே ஓரிடத்தில் நன்மையாகிறது. ரோடியோலா என்னும் குளிர்மலைச் செடியின் வேர்க்கிழங்கிலுள்ள சாலிட்ரோசைடு, டைரோசாலும் குளுக்கோசும் சேர்ந்தது. டைரோசாலில் ஒரு பீனால் முனையும் ஓர் ஆல்கஹால் முனையும் உள்ளன. வாதுமை நொதி ஆல்கஹால் முனையையே பற்றுகிறது, நமக்கு வேண்டியதும் அதுவே. தூய நொதிகூடத் தேவையில்லை. வாதுமை மாவோ ஆப்பிள் விதை மாவோ போதும். வேரோடு தோண்டப்படும் ரோடியோலா இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 2022இல் பனாமாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு முடிவு செய்ததை எண்ணும்போது, இம்முறையின் மதிப்பு விளங்கும்.

செடி தன்னுள் கிளைக்கோசைடுகளை ஆக்குவது பெரும்பாலும் வேறொரு வழியில். யூடிபி-குளுக்கோஸ் என்னும் செயலூட்டிய சர்க்கரையிலிருந்து குளுக்கோசை எடுத்து மாற்றும் நொதிகள் அதற்கு உண்டு. அச்சர்க்கரையைக் கண்டறிந்த லெலுவார் 1970இல் நோபல் பரிசு பெற்றார். அது விலை மிகுந்தது. ஆனால் சுக்ரோஸ் சிந்தேஸ் என்னும் மற்றொரு தாவர நொதி, நாம் தேநீரில் இடும் சாதாரணச் சர்க்கரையைக் கொண்டே அதை மீண்டும் மீண்டும் புதுப்பித்துத் தருகிறது. சீனித்துளசி இலையில் மிகச் சிறிதளவே கிடைக்கும் ரெபாடியோசைடு எம் என்னும் இனிப்பு இன்று இவ்விரு நொதிகளின் கூட்டு உழைப்பால் பேரளவில் ஆக்கப்படுகிறது.

நொதிகளையோ ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களில் வளர்த்தே பெறுகின்றனர். எனவே இதனை வெறும் இலைச்சாறு என்று விற்பது முறையாகாது என்பதே நம் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இலையிலிருந்து எடுத்ததற்கு இ 960ஏ என்றும், நொதியால் ஆக்கியதற்கு இ 960சி என்றும் எண்களைப் பிரித்தது. உண்பதன் மூலத்தை அறிய விரும்புவோர் பொட்டலத்தில் இக்கடைசி எழுத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.