திரைக்குள் ஒரு வாழ்வு – 14: ஆணா, பெண்ணா என்ற முதல் கேள்வி

பல கேம்களில் ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கும். உன் பாத்திரம் ஆணா, பெண்ணா? ஆடுகிறவர்களில் அநேகர் அதை ஒரு நொடியில் கடந்துபோய்விடுவார்கள். முடியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்கூட அதற்குத் தேவைப்படாது. ஆனால் பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணரும் ஒரு பிள்ளைக்கு அந்தக் கேள்வி அவ்வளவு லேசானதல்ல. வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் யாரும் அதுவரை அந்தப் பிள்ளையிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் விடை முன்பே தெரிந்திருந்தது. கேம் கேட்கிறது, சொன்னதை ஏற்றுக்கொள்கிறது, சான்றிதழ் கேட்பதில்லை. கேம்களால் பிள்ளைகளின் தூக்கமும் படிப்பும் என்ன ஆகின்றன என்று சென்ற வாரங்களில் பேசினோம். இந்த வாரம் திருநங்கைகளும் திருநம்பிகளும் கேமில் தம் பாத்திரத்தின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசுவோம். திரையில் கிடைக்கும் அழகான உருவத்தைவிட, கேள்வி சம்பந்தப்பட்டவரிடமே கேட்கப்படுவதும், பதிலைப் பிறகு மாற்றிக்கொள்ள இடமிருப்பதுமே இதில் பெரிது என்பது என் வாதம். அந்த இரண்டையும் நம் நாட்டு ஆவணங்கள் அவர்களுக்குத் தரவில்லை.

மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பிறப்புப் பதிவோடு வரும் அந்த எண்தான் 12 வயதில் எடுக்கும் அட்டையிலும் இருக்கிறது. வங்கி, மருத்துவமனை, வேலை மனு என்று போகுமிடமெல்லாம் கூடவே வருகிறது. அதை மாற்றக் கோரி நீதிமன்றப் படியேறியவர்கள் உண்டு. பெண்ணாகப் பதிவாகி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆணாக வாழ்ந்துவந்த ஒருவர் தம் பதிவைத் திருத்தித் தரும்படி ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நீதிபதி வி. டி. சிங்கம் மனுவைத் தள்ளுபடி செய்தார். இதற்கு வழி செய்ய வேண்டியது நாடாளுமன்றம்தான், நீதிமன்றம் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2005-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் அது பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தார். மருத்துவர்களின் சாட்சியத்தை ஏற்று, மனுதாரர் பெண்தான் என்று அறிவித்து, கடைசி இலக்கத்தை மாற்றும்படி தேசியப் பதிவிலாகாவுக்கு உத்தரவிட்டார். பின்னர் 2016-இல் ஒரு திருநம்பிக்குக் கோலாலம்பூரில் சாதகமாகக் கிடைத்த தீர்ப்பை, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 தொடக்கத்தில் ரத்து செய்துவிட்டது. அறுவைச் சிகிச்சை, மருத்துவ அறிக்கை, வழக்குச் செலவு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வந்து நின்றாலும், தான் யார் என்பதற்கான விடை எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

கேம் தயாரிப்பாளர்களும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. 1996-இல் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் கேம்களில் ஆடுபவர் பையன்தான். வேறு வழி கிடையாது. 2000-இல் வந்த போக்கிமான் கிறிஸ்டலில்தான் முதன்முறையாகப் பெண்பிள்ளையாகவும் ஆட முடிந்தது. தி சிம்ஸ் 4 கேமில் 2016-இல் செய்த மாற்றம், 700-க்கும் மேற்பட்ட உடைகளையும் அணிகளையும் முடியலங்காரங்களையும் ஆண் பெண் வேறுபாடில்லாமல் எல்லாப் பாத்திரங்களுக்கும் திறந்துவிட்டது. 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 உடலையும் குரலையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விட்டது. ஆனால் கதையில் வரும் மற்றவர்கள் நம்மை ஆணாக அழைப்பார்களா, பெண்ணாக அழைப்பார்களா என்பதைக் குரலோடு கட்டிவைத்தது. கடைத்தெருவில் ஒரு திருநங்கை வாயைத் திறந்து பேசியவுடன் எதிரில் இருப்பவரின் பார்வை மாறுகிறதே, அந்த வேதனையை கேமுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். 2023-இல் வெளியான பால்டர்ஸ் கேட் 3 அந்த முடிச்சை அவிழ்த்தது. உடல், குரல், அழைக்கப்படும் விதம் மூன்றும் அதில் தனித்தனி. வெளியான சில வாரங்களிலேயே, குரலையும் அழைக்கப்படும் விதத்தையும் ஆட்டத்தின் நடுவில் மாற்றிக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் எடுத்த வழி. 2020 மார்ச்சில் வெளியான அந்த கேம், ஆணா பெண்ணா என்று கேட்பதற்குப் பதிலாக, எந்தத் தோற்றம் வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. பிற்பாடு மனம் மாறினால் கண்ணாடி முன் நின்று மாற்றிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேறு சில கேம்கள் இன்னோர் உபாயம் கண்டுபிடித்திருக்கின்றன. ஆண், பெண் என்ற சொற்களை எடுத்துவிட்டு ஏ வகை உடல், பி வகை உடல் என்று எழுதுவது அது. 2022-இல் வந்த எல்டன் ரிங் அப்படித்தான் செய்தது. இதைப் பெரிய முன்னேற்றம் என்று பாராட்டுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. உள்ளே இருப்பவை பழைய இரண்டு உடல்கள்தான். பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது. தன்னைப் பெண் என்று சொல்லிக்கொள்ள ஏங்கும் ஒருவருக்கு, அந்தச் சொல்லையே எடுத்துவிடுவதால் என்ன கிடைத்துவிடும்?

இதெல்லாம் வெறும் தோற்ற விளையாட்டு இல்லையா என்று கேட்பவர்களுக்கு, ஆய்வாளர்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். மார்க் கிரிஃபித்ஸ், ஜான் ஆர்செலஸ், வால்டர் பௌமன் ஆகிய மூவரும் இங்கிலாந்தில் பாலினம் சார்ந்த உதவி நாடி வந்த சிலரின் அனுபவங்களை 2016-இல் எழுதினார்கள். அவர்கள் கேமில் எடுத்த பாத்திரம், தம்மைத் தாமே புரிந்துகொள்ளவும், நேரில் சொல்ல நாக்கு எழாததை முதலில் வேறொருவராக நின்று சொல்லிப் பார்க்கவும் உதவியிருக்கிறது. அது ஒரு சிலரைப் பற்றிய பதிவுதான்; உலகம் முழுமைக்கும் அதை நீட்டிவிட முடியாது. ஆனால் கேமை உருவாக்கியவரிடமிருந்தே ஒரு சாட்சியம் இருக்கிறது. 2018-இல் வெளியான செலெஸ்ட், மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறும் கதை. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் மேடி தோர்சன். 2020 நவம்பரில் அவர் எழுதிய கட்டுரையில், கேமை உருவாக்கத் தொடங்கியபோது மேடலினும் தாமும் மாற்றுப் பாலினத்தவர் என்பது தமக்கே தெரியாது என்றும், பின்னர் கூடுதல் பகுதியைச் செய்யும்போது சந்தேகம் எழுந்தது என்றும், முடித்த பிறகே தெளிவானது என்றும் சொன்னார். பாத்திரத்தைப் படைத்தவருக்கே தம்மைப் பற்றிய உண்மை அந்தப் பாத்திரத்தோடு சில ஆண்டுகள் வாழ்ந்த பிறகுதான் விளங்கியிருக்கிறது. ஒரு வார்த்தையும் பேசாமல், யாருக்கும் எதையும் நிரூபிக்காமல், காத்திருந்து தெரிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருக்கிறது. லயத்து வீடுகளில் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்ந்த நம் குடும்பங்களில் அப்படி ஓர் இடம் ஏது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மலிவு விலை வீடுகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்த பிறகும், ஓர் அறையில் மூன்று பிள்ளைகள் படுக்கும் வீடுகளில் அந்த இடம் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. எத்தனையோ ஆண்கள் கேமில் பெண் பாத்திரம் எடுக்கிறார்கள், அவர்களெல்லாம் திருநங்கைகளா? இல்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுபவர்கள் 375 பேரைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் 23 சதவீதத்தினரும் பெண்களில் 7 சதவீதத்தினரும் எதிர்ப்பாலினப் பாத்திரம் எடுத்திருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, மற்றவர்கள் உதவுகிறார்கள் என்று பல காரணங்கள் இருக்கலாம். நம் நாடக மேடையே இதற்குப் பழைய சாட்சி. பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் ஸ்திரீபார்ட் போட்டார்கள். டி. கே. சண்முகம் ஔவையார் வேடம் கட்டி, காலம் முழுதும் ஔவை சண்முகம் ஆனார். கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் நந்தனாராகத் திரையில் வந்தார். வேடம் அவர்களை மாற்றிவிடவில்லை. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். என் வாதத்துக்கு இது வலுவே சேர்க்கிறது. பெண் பாத்திரம் எடுத்தால் அது ஒன்றையும் நிரூபிக்காது என்பதால்தான், தன்னைப் பற்றி ஐயத்தோடு இருக்கும் பிள்ளை பயமின்றி எடுக்க முடிகிறது. நூறு பேர் காரணமில்லாமல் செய்வதில் தானும் ஒருவராக நின்றுகொள்ளலாம். மேடைக்கும் கேமுக்கும் ஒரு வித்தியாசமும் உண்டு. பாய்ஸ் கம்பெனியில் குரலையும் முகவெட்டையும் பார்த்து, யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்தவர் வாத்தியார். பையனிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த மறுப்பு பெற்றோரிடமிருந்து வருகிறது, அச்சத்தோடு. கேம்தானே பிள்ளையின் மனத்தைக் கலைக்கிறது என்கிறார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன், ஆனால் காலக்கணக்கு இதற்கு இடம் தரவில்லை. அமெரிக்காவில் 1980-இல் நடந்த தேசிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போட்டியை வென்றவர், பின்னாளில் திருநங்கையாக வெளிப்படையாக வாழ்ந்த கேம் படைப்பாளி ரெபெக்கா ஹைன்மன். அந்த கேமில் ஆடுபவருக்குக் கிடைப்பது ஒரு பீரங்கி. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 1983-இல் மியூல் என்ற புகழ்பெற்ற கேமை உருவாக்கிய டேனியல் பண்டன் பெரியும் திருநங்கைதான். பாத்திரத்தின் பாலினத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி பரவுவதற்கு முன்பே அவர்கள் இருந்தார்கள். கூவாகத்தில் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் வழக்கம் எந்தத் திரையிலிருந்து வந்தது?

உண்மையை விட்டுத் திரைக்குள் ஒளிந்துகொள்வது நல்லதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆர்செலஸும் மற்றவர்களும் 2017-இல் மாற்றுப் பாலினத்தவர் 245 பேரிடம் கேம் பழக்கத்தைப் பற்றி விசாரித்தபோது, அடிமைத்தனம் என்ற அளவை எட்டியவர்கள் மிகச் சிலரே. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலும் கவனிக்கத்தக்கது. கேம் அடிமைத்தனத்தை மனநோய்ப் பிரிவில் சேர்த்த அதே பட்டியல், பாலின முரண்பாட்டை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. என்னைக் கவலைப்பட வைப்பது ஒளிந்துகொள்வதைவிட, ஒளிய முடியாமல் போவதுதான். குழுவாக ஆடும் கேம்களில் மைக்கைத் திறந்ததும் குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கேலியும் வசையும் தொடங்கிவிடுகின்றன. மரியா கிரெவெலிங் 2016-இல் வட அமெரிக்காவின் முதன்மை லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் தொடரில் ஆடிய முதல் பெண், அவர் திருநங்கை. மன உளைச்சல் தாங்காமல் சில வாரங்களிலேயே விலகினார். இன்னொரு பக்கம், ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடும் கனடிய வீராங்கனை சாஷா ஹோஸ்டின், 2018-இல் தென் கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த பெரிய போட்டியை வென்றார். ஒருவருக்கு இடம் கிடைத்ததும் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனதும் திறமையால் மட்டும் அல்ல; சுற்றியிருந்தவர்கள் நடந்துகொண்ட விதத்துக்கும் அதில் பங்குண்டு.

இப்போது நம் நாட்டில் அந்த 12 இலக்கங்கள் திரைக்குள்ளேயே வரப்போகின்றன. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப்போவதாகவும், அதற்கு அடையாள ஆவணங்களைக் கொண்டு வயதைச் சரிபார்க்கப்போவதாகவும் அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுக்கும் நடவடிக்கையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எத்தனையோ கேம்களுக்குள் பிள்ளைகள் நுழைவது சமூக ஊடகக் கணக்குகள் வழியாகத்தான். அடையாள எண்ணை அப்படியே அனுப்பினால், வயதோடு அந்தக் கடைசி இலக்கமும் போய்ச் சேர்கிறது. நிறுவனம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: இவருக்கு 16 வயது ஆகிவிட்டதா? ஆம், இல்லை என்ற பதிலை மட்டும் அரசின் பக்கமிருந்து அனுப்பி, எண்ணை அனுப்பாமல் இருக்கும்படி ஏற்பாட்டை வடிவமைக்கலாம். தொழில்நுட்பத்தில் அது அரிய காரியமல்ல. தகவல் தொடர்பு ஆணையத்திடம் கருத்துச் சொல்லும் வாய்ப்புள்ள நம் சமூக அமைப்புகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இந்த ஒன்றைக் கேட்டு வாங்கித் தர வேண்டும். பதிவைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஈப்போவில் தீர்ப்பாகி இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன; அதற்கான சட்டம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை, ஆவணத்தில் உள்ளதைத் திரையிலும் ஒட்டவைக்காமல் இருப்பதற்கு எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை.

(தொடரும்)