மேஜைக்கு அடியில் ஒரு காளவாய்
கம்ப்யூட்டருக்கு நினைவகம் வாங்கப் போகிறவர்கள் அறிய வேண்டியவை

சுனாபட்டி என்றால் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள். ஹார்பர் லயனில் குர்லாவை அடுத்து இருக்கும் இந்த இடத்தில் இன்று வேறு வகைக் காளவாய்கள் கனன்று கொண்டிருக்கின்றன. பத்துக்குப் பத்து அறைகளில், மேஜைக்கு அடியில் விசிறி சுழல நிற்கும் கம்ப்யூட்டர்கள்தாம் அவை!

அப்படி ஓர் அறை. தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். போர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மகன் கல்யாண வீடியோப் படங்களை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறான்.

அவனுடைய கம்ப்யூட்டரின் செயலியை, உற்பத்தியாளர் குறித்த வேகத்துக்கும் மேலே ஓட்டுகிறான். இதற்கு 'ஓவர்கிளாக்' என்று பெயர். ஆனாலும் பெரிய கல்யாணப் படம் ஒன்றை ஏற்றினால் இயந்திரம் திணறுகிறது.

"இன்னும் ராம் போடணும் அப்பா. 64 ஜி.பி. இருந்தா நல்லது" என்றான் மகன்.

விலையைக் கேட்டதும் தந்தை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என்னல இது, தங்கமா வாங்கப் போற?"

விலை ஏறிய கதை

அவர் கேட்டதில் தவறில்லை. 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் நினைவகத்தின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று தாவியது. உலகில் இந்தச் சில்லுகளைப் பெருமளவில் செய்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகளே. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பிரமாண்டமான கம்ப்யூட்டர் நிலையங்கள் அவர்களுடைய சரக்கை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கின. சில்லறைக் கடைக்குப் பெயர் பெற்ற 'குரூசியல்' வியாபாரத்தை விட்டு விலகப் போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது.

ஆகவே, தேவைக்கு மேல் வாங்கினாலும் நஷ்டம். தவறாக வாங்கினாலும் நஷ்டம்.

ஒரு காலத்தில் இதே மும்பையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் கட்டிய 'டிஃப்ராக்' என்னும் கம்ப்யூட்டர் 1960-ல் வேலை செய்யத் தொடங்கியது. அதன் நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். அதாவது, சுமார் 10 கிலோபைட். மகன் கேட்கும் 64 ஜி.பி. அதைப்போல் ஏறத்தாழ 67 லட்சம் மடங்கு!

ஓட்டைக் குடம்

ராம் சில்லுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்சாரம். ஐ.பி.எம். கம்பெனியின் ராபர்ட் டென்னார்ட் 1968-ல் காப்புரிமை பெற்ற முறை இது. ஆனால், அந்தத் துளி ஓட்டைக் குடத்துத் தண்ணீரைப்போல் ஒழுகிக்கொண்டே இருக்கும். டிடிஆர்4 வகையில் 64 மில்லி விநாடிக்குள் எல்லாக் குடங்களையும் ஒருமுறை நிரப்பியாக வேண்டும். சூடு 85 டிகிரியைத் தாண்டினால் ஒழுக்கு அதிகம்; இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும்.

ஓவர்கிளாக் செய்த இயந்திரத்துக்குச் சூடுதான் முதல் எதிரி. மே மாதத்து மும்பையில், ஜன்னல் இல்லாத அறையில், இது சாதாரண விஷயமல்ல.

முதலில் அளவெடுங்கள்

தையல்காரர் அளவெடுக்காமல் துணி வெட்டுவாரா? ராமுக்கும் அதேதான். வழக்கமான வேலையை ஏற்றி ஓடவிட்டு, விண்டோஸின் 'டாஸ்க் மேனேஜர்' பலகையில் மெமரி பக்கத்தைத் திறந்து, 'கமிட்டெட்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். இயந்திரம் மொத்தம் எவ்வளவு இடம் கேட்கிறது என்பதை அது ஏறக்குறையக் காட்டிவிடும்.

மகன் பார்த்தான். இருப்பது 16 ஜி.பி.; கேட்பதோ 38 ஜி.பி. மீதியை இயந்திரம் டிஸ்கில் இறக்கி, ஏற்றி, இறக்கி அவதிப்பட்டது. திணறலுக்குக் காரணம் செயலியின் வேகக் குறைவு அல்ல, இடம் போதாமை. 64 ஜி.பி. தேவையில்லை, 48 ஜி.பி. தாராளம் என்பதும் தெரிந்தது.

இரண்டா, நான்கா?

ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமை இருவரும் தாதரில் வண்டி மாறி கிராண்ட் ரோடு இறங்கி, லாமிங்டன் ரோட்டுக்கு நடந்தார்கள். 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்தத் தெருதான் மும்பையின் கம்ப்யூட்டர் சந்தை.

ஒரு கடைக்காரர் மலிவாக ஒரு யோசனை சொன்னார். "போர்டில் நாலு காடி இருக்கு. பழைய 8 ஜி.பி. இரண்டும் அப்படியே இருக்கட்டும். 24 ஜி.பி. இரண்டு வாங்கிப் போடுங்க. மொத்தம் 64 ஆச்சு!"

தந்தையின் முகம் மலர்ந்தது. காசும் மிச்சம், 64-ம் வந்துவிட்டது அல்லவா?

மகன் தலையை ஆட்டினான். "கூட்டல் சரிதான் அப்பா. ஆனா வேகம் கெட்டுப் போகும்."

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டிக்குகள் கூடக்கூட அதன் பாரம் கூடும். ஏ.எம்.டி. கம்பெனி தனது ரைசன் 7000 வரிசைக்குக் கொடுத்த கணக்கே இதைக் காட்டும். இரண்டு ஸ்டிக் போட்டால் வேகம் 5200. நான்கு போட்டால் 3600! அதிலும் வெவ்வேறு அளவு, வெவ்வேறு தயாரிப்பு என்று கலந்தால், எல்லாம் மிக மெதுவானதன் காலடிக்கு இறங்கி நடக்க வேண்டும். சில சமயம் நடக்கவே மறுத்துவிடும்.

ஆகவே விதி இது: அதிகக் கொள்ளளவு வேண்டுமானால், ஒரே பெட்டியில் ஜோடியாக விற்கும் இரண்டு பெரிய ஸ்டிக்குகளை வாங்குங்கள். நான்கு காடி உள்ள பெரும்பாலான போர்டுகளில், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது காடிகளில் அவற்றைப் பொருத்த வேண்டும். போர்டு கம்பெனி சோதித்துப் பார்த்த ஸ்டிக்குகளின் பட்டியல் அதன் இணையப் பக்கத்தில் இருக்கும். வாங்கும் ஜோடியின் பெயர் அதில் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

குமாஸ்தாவுக்குத் தெரிந்த கணக்கு

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வேகம், மற்றது 'சி.எல்.' என்னும் காத்திருப்பு. வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சி.எல். எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால், உண்மையான காத்திருப்பு நானோ விநாடியில் கிடைக்கும்.

6000 வேகம், சி.எல். 40 என்றால் 13.3. அதே 6000, சி.எல். 30 என்றால் 10. பழைய டிடிஆர்4-ல் 3200 வேகம், சி.எல். 16 என்றாலும் அதே 10-தான்! தந்தை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

இன்னொன்று. பெட்டியில் அச்சிட்ட வேகம் தானாக வராது. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை 'பயாஸ்' திரையில் இயக்க வேண்டும். அதுவும் ஒருவகை ஓவர்கிளாக்தான். டிடிஆர்5-க்கு அடிப்படை மின்னழுத்தம் 1.1 வோல்ட், இந்த அமைப்பில் அது 1.25, 1.35 என்று உயரும். செயலியின் உத்தரவாதத்தையும் இது பாதிக்கலாம்.

மலிவு வலை

பழைய சர்வர்களில் இருந்து கழற்றிய டிடிஆர்4 ஸ்டிக்குகள் சில இடங்களில் மலிவாகக் கிடைக்கும். 'ரிஜிஸ்டர்டு' என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். வீட்டு கம்ப்யூட்டரின் காடியில் உட்காரும். ஆனால் இயந்திரம் ஓடாது. டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 உட்காரவே உட்காராது. பில், உத்தரவாதம் இரண்டும் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

விடிய விடியச் சோதனை

24 ஜி.பி. ஜோடி ஒன்றோடு இருவரும் வீடு திரும்பினார்கள். பழைய இரண்டும் விற்பனைக்கு ஒதுங்கின. புதியதைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினான் மகன். திரை கறுப்பாகவே இருந்தது. தந்தைக்கு வியர்த்துவிட்டது! டிடிஆர்5 முதன்முறை தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அவசரப்பட்டு அணைக்கக் கூடாது.

திரை வந்ததும் செயலியை இயல்பான வேகத்துக்கு இறக்கினான். எக்ஸ்போவை இயக்கி, 'மெம்டெஸ்ட்' என்னும் இலவசச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டான். அதில் ஒரு பிழைகூட இல்லையென்றால்தான் செயலியின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால், கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க முடியாது.

"ஒரு பிழைதானே, வந்தா என்ன?" என்று கேட்டார் தந்தை.

"உங்க பேரேட்டுல ஒரே ஒரு எண் தப்பா இருந்தா?" என்று திருப்பிக் கேட்டான் மகன்.

தந்தை பேசவில்லை. தப்பு எண் சத்தம் போடாது; மாதக் கடைசியில்தான் கழுத்தைப் பிடிக்கும். நினைவகத்தின் பிழையும் அப்படியே. இயந்திரம் ஓடும், படம் மட்டும் எங்கோ ஓரிடத்தில் கெட்டிருக்கும். டிடிஆர்5 சில்லுக்குள் சிறு திருத்த வசதி உண்டு என்றாலும், அது சர்வர்களில் இருக்கும் முழுப் பாதுகாப்புக்கு ஈடல்ல. தாலி கட்டும் காட்சி கெட்டுப்போனால் மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா?

காலையில் பிழை பூஜ்யம் என்று திரை காட்டியது. தந்தை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். போகும்போது சொன்னார்: "ஓட்டுறது ஓட்டு. ஜன்னல் இல்லாத ரூம். அந்த விசிறித் தூசியை மட்டும் வாரா வாரம் துடைச்சிடு, தம்பி!"