வேலூர் வெயிலும் சென்னைப் புழுக்கமும்

கோடை விடுமுறையில் வேலூரிலிருந்து சென்னைக்கு வரும் உறவினர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "எங்கள் ஊரில் வெயில் கொளுத்தும். ஆனால் இப்படிக் கசகசவென்று இருக்காது. குளித்துவிட்டுத் துவட்டுவதற்குள் மறுபடியும் வியர்க்கிறதே!" என்பார்கள். அன்றைய செய்தித்தாளைப் புரட்டினால் வேலூரில் 42 டிகிரி, சென்னையில் 35 டிகிரி என்று போட்டிருக்கும். 7 டிகிரி குறைவாக உள்ள ஊரில் அதிகமாகத் தவிப்பானேன்?

இதற்கு விடை காண, முதலில் நம் உடலைக் கவனிப்போம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நம் உடல் ஏறக்குறைய ஒரு 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. இந்த வெப்பம் அவ்வப்போது வெளியேறினால்தான் உடலின் உட்புறம் 37 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். வெயில் காலத்தில் நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே வெளியேறும். காற்றும் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். மிஞ்சுவது ஒரே வழி, வியர்வை.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை கொண்டுபோகும் வெப்பத்தைக் கொண்டு 7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்!

இதன் வலிமையை 1774ஆம் ஆண்டில் லண்டனில் சிலர் நேரில் பார்த்தார்கள். சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் அவருடைய நண்பர்களும் உலர்ந்த காற்றுள்ள ஓர் அறையைச் சூடேற்றி உள்ளே நுழைந்தனர். வெப்பநிலை 120 டிகிரியையும் தாண்டியது. அறையில் வைத்த முட்டைகள் வெந்து கெட்டியாயின. மனிதர்களோ சில நிமிடங்கள் இருந்துவிட்டு நலமாக வெளியே வந்தனர். அதே அறையில் ஒரு பாத்திரத்தில் வைத்த தண்ணீரும் கொதிக்கவில்லை. அதன்மேல் சிறிது எண்ணெய் விட்டு, ஆவி வெளியேறாமல் மூடிய பிறகுதான் கொதித்தது. தண்ணீரையும் மனிதர்களையும் காத்தது ஆவியாதலே.

அப்படியானால் சென்னையில் வியர்வை ஏன் நம்மைக் காப்பாற்றுவதில்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 40 கிராம் நீராவியைத் தாங்கும். தோலை ஒட்டிய ஈரக்காற்றின் நிலை இதுதான். சென்னையில் அன்று ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காற்றில் ஏற்கெனவே 28 கிராம் ஆவி இருக்கும். மீதி இடம் 12 கிராம்தான். வேலூரில் 42 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால், காற்றில் உள்ள ஆவி சுமார் 14 கிராம். தோலருகே மீதி இடம் 26 கிராம். வேலூரில் வியர்வை சுரந்தவுடன் மறைகிறது. சென்னையில் ஆவியாக இடமின்றி முதுகில் வழிந்து ஓடுகிறது. வழிந்து சொட்டும் வியர்வை நம்மைக் குளிர்விப்பதில்லை. உடலிலுள்ள நீரும் உப்பும் வீணாவதுதான் மிச்சம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

பள்ளி ஆய்வகத்திலிருந்து ஆசிரியரின் அனுமதியுடன் இரண்டு வெப்பமானிகளை வாங்கி வாருங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.) ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அதன் நுனி ஒரு கிண்ணத் தண்ணீரில் மூழ்கியிருக்குமாறு விடுங்கள். இரண்டையும் நிழலில் தொங்கவிட்டுப் பனையோலை விசிறியால் நன்றாக வீசுங்கள். அளவு மேலும் இறங்காமல் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி சுற்றியது காட்டுவதே 'ஈரக்குமிழ் வெப்பநிலை'. நம் எடுத்துக்காட்டில் வேலூரில் அது சுமார் 26 டிகிரி. சென்னையில் சுமார் 30 டிகிரி! உறவினரின் அலுப்புக்குக் காரணம் புரிகிறதல்லவா?

இந்த அளவைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 1905ஆம் ஆண்டிலேயே ஜே. எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி, இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களின் வெப்பத்தை ஆராய்ந்தபோது, அசைவற்ற காற்றில் ஈரக்குமிழ் அளவு 31 டிகிரியைத் தாண்டினால் உடல் வெப்பம் ஏறத் தொடங்குவதைக் கண்டார். 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களிடம் நடத்திய சோதனையிலும், புழுக்கமான சூழலில் ஏறக்குறைய இதே எல்லைதான் கிடைத்தது. நம் எடுத்துக்காட்டுச் சென்னை நாள் இந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

இரு குமிழ்களின் வேறுபாடே வழி சொல்லும். வேறுபாடு 10 டிகிரிக்கு மேல் இருந்தால் காற்று உலர்ந்தது. பகலில் சன்னலில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடலாம். ஏர் கூலரும் நன்றாக வேலை செய்யும். வேறுபாடு 5 டிகிரிக்குள் இருந்தால் இவை உதவா. அடைத்த அறையில் ஈரத்துணி காயப்போடுவதும் தரையைக் கழுவுவதும் புழுக்கத்தைக் கூட்டும். சோறு வடிக்கும் ஆவி வெளியேறச் சமையலறைச் சன்னலைத் திறந்து வையுங்கள். பிற்பகலில் கடற்காற்று வரும் பக்கத்தையும் திறந்துவிடுங்கள்.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை; தோலருகே தேங்கிய ஈரக்காற்றை அகற்றுகிறது. எனவே புழுக்கத்தில் அது நல்ல துணை. ஆனால் 40 டிகிரிக்கு மேற்பட்ட காற்றை அது வறண்ட தோலின்மீது வீசினால் சூடுதான் ஏறும். அப்போது கை, கால், கழுத்தை நனைத்துக்கொண்டு விசிறியின்கீழ் உட்காருங்கள். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். மாலையில் மாடியில் தண்ணீர் தெளிப்பதும் நல்லதே. ஆவி வீட்டுக்குள் வராமல் வானத்துக்குப் போய்விடும்.

வயதானவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரக்கும். தாகமும் எளிதில் தெரியாது. ஆகவே கேட்கும்வரை காத்திராமல் தாத்தா பாட்டிக்குத் தண்ணீரோ நீர்மோரோ கொண்டுபோய்க் கொடுங்கள். உடல் அனலாய்க் கொதித்து, பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ அது வெப்பத் தாக்கு. உடனே 108க்குச் சொல்லிவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விடாமல் விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

இனிச் செய்தித்தாளில் வெப்பநிலையைப் பார்க்கும்போது, பக்கத்திலேயே ஈரப்பதம் எவ்வளவு என்றும் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், மாலையில் விளையாடப் போகலாமா, வீட்டில் யாரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது தெரியும்.